இரண்டு முறை கட்டிய படகு

படகு வாடகைக்கு விடுகிறவன் உமாபதியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே இடது காலைப் பார்த்துவிட்டான். பேண்ட் துணிக்கு அடியில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை, காலைத் தாங்கும் காலிப்பரின் இரும்புக் கம்பி புடைத்துக்கொண்டிருந்தது. அவன் கையிலிருந்த துடுப்புகளை மறுபடி சுவரில் சாய்த்து வைத்தான்.

"மன்னிக்கணும் சார். பொறுப்பு எங்க தலையில வரும். உங்க மனைவி வேணும்னா ஓட்டட்டும். நீங்க பின்னால உட்கார்ந்துக்கலாம்" என்றான். குரலில் வெறுப்பு எதுவும் இல்லை. அதுதான் உமாபதியைச் சுட்டது. வெறுப்பாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அது 1973 ஜூலை மாதம். டொராண்டோவுக்கு வடக்கே ஒரு சின்ன ஏரி. உமாபதி, அவன் மனைவி சாந்தா, நண்பர் ஜாபர் மூன்று பேரும் புளியோதரை கட்டிக்கொண்டு ஜாபரின் ஸ்டேஷன் வேகனில் போயிருந்தார்கள். உமாபதி பாலங்கள் வடிவமைக்கிற ஒரு பொறியியல் அலுவலகத்தில் படம் வரைகிறவன். ஜாபர் அதே அலுவலகத்தில் எஞ்சினியர், ஆம்பூர்க்காரர், உமாபதியைவிட ஆறு வயது மூத்தவர். குடும்பம் இன்னும் ஊரிலிருந்து வந்து சேராததால் சனி, ஞாயிறுகளில் சாந்தாவின் சமையலை நம்பியிருந்தவர்.

உமாபதிக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. பதினான்கு வயது வரை கக்கத்தில் கட்டை வைத்துத்தான் நடந்தான். அந்தக் கட்டைகள் கொடுத்த தோளும் கையும் இப்போதும் அவனிடம் இருந்தன. டொராண்டோ பனியில் சறுக்காமல் நடப்பதற்குப் பட்ட பாட்டில் அவை இன்னும் முறுகியிருந்தன. கையால் செய்கிற ஒரு காரியத்துக்குக் காலைக் காரணம் காட்டினானே என்று வழியெல்லாம் மனசு கொதித்தது.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் திடீரென்று சொன்னான். "நான் ஒரு படகு கட்டப்போறேன்."

ஜாபர் சிரித்தார். "உமாபதி, போன மாசம் நீங்க அடிச்ச புத்தக அலமாரி இப்பவும் சுவரோட தயவுலதான் நிக்குது."

"அது சும்மா அடிச்சது பாய். இதுக்கு வரைபடம் இருக்கும்."

சாந்தா சிரிக்கவில்லை. அவளுக்குக் கணவனின் அந்தக் குரல் தெரியும். கல்யாணப் பேச்சின்போது, கால் இப்படி என்று அவள் அப்பா தயங்கியபோது, இதே குரலில்தான் "இன்னொரு தடவை வந்து பேசறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஐந்து தடவை வந்தான்.

"கட்டுங்க. ஆனா முதல்ல நீச்சல் கத்துக்கணும். அதுக்கப்புறம்தான் தண்ணில இறங்கணும்" என்றாள்.

செப்டம்பரில் நகரசபை நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தான். காலிப்பரைக் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே கைகளால் நகர்ந்து குளத்தின் விளிம்புக்குப் போவான். முதல் மூன்று வாரம் தண்ணீர்தான் குடித்தான். இடது கால் மிதந்தது, வலது கால் உதைத்தது, உடம்பு பம்பரம்போலச் சுற்றியது. பயிற்சியாளப் பெண் ஒருநாள், "கால்களை மறந்துவிடுங்கள், கையால் இழுங்கள்" என்றாள். டிசம்பர் கடைசியில் நிற்காமல் பத்துத் தடவை குளத்தின் நீளத்தை நீந்திக் காட்டினான். குளத்தின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே கோட்டோடு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்த சாந்தா, பதினொன்றாவது நீளத்துக்குக் கிளம்பியவனைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

ஜனவரியில் தபாலில் வரைபடம் வந்தது. பன்னிரண்டு அடி நீளம், தட்டை அடி, இரண்டு பக்கப் பலகை, நடுவில் ஒரு சட்டம். பிளைவுட்டில் செய்கிற எளிய துடுப்புப் படகு. உமாபதி அதைச் சமையலறை மேஜையில் விரித்து, தன் கையால் பெரிதாக இன்னொரு முறை வரைந்தான். மேஜையில் ஒரு வாரம் யாரும் சாப்பிடவில்லை.

அவர்கள் ஜேன் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தார்கள். கீழே வீட்டுக்காரி மிஸஸ் மெல்னிக், உக்ரைன் தேசத்து விதவை. பின்சந்தில் அவளுடைய கார் கொட்டகை காலியாகக் கிடந்தது. கேட்டவுடன் சாவியைக் கொடுத்துவிட்டாள். ஒரே நிபந்தனை: உள்ளே புகை பிடிக்கக்கூடாது. உமாபதிக்கு அந்தப் பழக்கமே இல்லை. ஜாபர்தான் அந்தக் குளிர்காலம் முழுக்கச் சந்தில் நின்று புகை பிடித்தார்.

பிப்ரவரியில் பலகை வெட்டினான். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, கையுறையின் விரல்நுனிகளை வெட்டியெறிந்துவிட்டு, இழைப்புளி ஓட்டினான். அளவில் அவனை யாராலும் அசைக்க முடியாது. ஒரு கோட்டின் எந்தப் பக்கத்தில் அறுக்க வேண்டும் என்று ஜாபருக்குக் கால் மணி நேரம் பாடம் நடத்தினான். அவர், "நான் பாலமே கட்டியிருக்கேன்யா" என்று முனகிக்கொண்டே அறுத்தார்.

பக்கப் பலகைகளை வளைத்த நாளை மூன்று பேருமே மறக்கமாட்டார்கள். இரண்டு பலகைகளின் பின்முனைகளையும் அகலமான பின்பலகையில் பூட்டியாயிற்று. நடுச்சட்டமும் ஏறிவிட்டது. முன்முனைகள் இரண்டையும் இழுத்து, படகின் முன்னால் கூராக நிற்கும் மூக்குக் கட்டையில் சேர்க்க வேண்டும். கயிற்றைச் சுற்றி, நடுவில் ஒரு தடியைச் செருகி, உமாபதி முறுக்கினான். பாதி வழியில் குளிரில் விறைத்திருந்த பலகை 'சட்' என்று ஒரு சத்தம் போட்டது.

"போச்சு" என்றார் ஜாபர்.

"போகல. சாந்தா, வெந்நீர்!"

சாந்தா மாடிக்கும் கொட்டகைக்குமாக நடந்தாள். கெட்டில், குக்கர், சாம்பார் வைக்கிற பெரிய பாத்திரம் எல்லாவற்றிலும் வெந்நீர் வந்தது. பழைய துண்டுகளைப் பலகைமேல் போர்த்தி ஊற்றினார்கள். கொட்டகை முழுக்க ஆவி. மிஸஸ் மெல்னிக் தீ பிடித்துவிட்டதென்று ஓடி வந்தாள். ஒரு பாத்திரம், ஒரு முறுக்கு, மறுபடி ஒரு பாத்திரம், ஒரு முறுக்கு என்று இரண்டு மணி நேரம் போயிற்று. கடைசியில் இரண்டு முனைகளும் மூக்குக் கட்டையில் வந்து படிந்தபோது, அதுவரை மரச்சாமானாக இருந்தது சட்டென்று படகாகிவிட்டது. சாந்தா துண்டை எடுத்துப் பலகையின் வளைவை ஒரு தடவை துடைத்தாள்.

மார்ச் மாதம் முழுக்க ஒட்டுவதும் ஸ்க்ரூ முடுக்குவதுமாகப் போயிற்று. தண்ணீருக்கு அசையாத பசை என்று கடைக்காரன் கொடுத்தது ஒரு டப்பா செம்பழுப்புத் திரவமும் ஒரு டப்பா பொடியும். இரண்டையும் கலந்தால் நாவல்பழச் சாறு நிறத்தில் வரும். விரலில் பட்டால் ஒரு வாரம் போகாது. அடிப்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலை நெடுக அதைப் பூசி, மூன்று அங்குலத்துக்கு ஒன்றாக வெண்கல ஸ்க்ரூ முடுக்கினான். ஏப்ரல் கடைசியில் ஸ்க்ரூத் தலைகளைக் குழி நிரப்பும் மக்கு வைத்து மூடித் தேய்த்தாயிற்று. மே மாதம் விக்டோரியா நாள் விடுமுறையில் ஹம்பர் ஆற்றில் இறக்குவது என்று முடிவானது. வாசல் திண்ணைக்கு அடித்து மிச்சமிருந்த பச்சை பெயிண்டை மிஸஸ் மெல்னிக் தானாகவே கொண்டுவந்து வைத்தாள்.

பெயிண்ட் அடிக்கவிருந்த சனிக்கிழமை காலை, உமாபதி மூலையில் கிடந்த ஒரு துண்டுக்கட்டையை எடுத்தான். மார்ச்சில் படகுக்குப் பசை பூசியபோது மிச்சத்தில் இரண்டு சில்லுகளைச் சேர்த்து ஒட்டி வைத்தது. கதவுக்கு முட்டுக்கொடுக்கலாம் என்று குனிந்தவன் கையிலிருந்து அது தவறி சிமெண்டுத் தரையில் விழுந்தது. விழுந்ததும் இரண்டாகப் பிரிந்தது.

அவன் இரண்டு பாதிகளையும் எடுத்துப் பார்த்தான். மரம் உடையவில்லை. ஒட்டு பிரிந்திருந்தது, சோப்பின்மேல் ஒட்டிய காகிதத்தை உரித்தது போல. விரலால் தேய்த்தால் பசை பொடியாக உதிர்ந்தது.

சாந்தாவைக் கூப்பிட்டான். அவள் ஒரு மருந்துப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவள். டப்பாவின் முதுகிலிருந்த பொடி எழுத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"எழுபது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகக்கூடாதுன்னு போட்டிருக்கு. ராத்திரி முழுக்க அந்தச் சூடு இருக்கணுமாம். மார்ச்ல இங்க எவ்வளவு இருந்துச்சு?"

"நாப்பது இருந்திருக்கும். சில நாள் அதுவும் இல்ல."

"அப்ப இது ஒட்டவே இல்லீங்க. காஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

ஜாபர் வந்தபோது உமாபதி ஸ்டூலில் உட்கார்ந்து படகைப் பார்த்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்ட அவர், படகின் மூலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கொஞ்சமும் அசையவில்லை.

"இவ்வளவு ஸ்க்ரூ இருக்குய்யா. அதுவே பிடிச்சுக்கும். பெயிண்ட் அடிச்சா தண்ணி எப்படி உள்ள வரும்? இந்த வருஷம் ஓட்டிப் பார்ப்போம். ஒழுகினா அப்ப பாத்துக்கலாம்."

உமாபதி அவரை நிமிர்ந்து பார்த்தான். "பாய், நம்ம ஆபீஸ்ல ஒரு பாலத்துக்கு நான் இப்படி வரைஞ்சு கொண்டுவந்தா, 'ஒட்டு பிடிக்கல, ஆனா பெயிண்ட் அடிச்சிருக்கு'ன்னு எழுதி நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?"

ஜாபர் சட்டைக் கையை மடித்துவிட்டார். "ஸ்க்ரூ டிரைவர் எங்க?"

அதைப் பிரிப்பது கட்டியதைவிடக் கொடுமையாக இருந்தது. தானே மூடித் தேய்த்த மக்கைத் தானே உளியின் நுனியால் தோண்டி, ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்ற வேண்டும். சிலவற்றின் தலை தேய்ந்து பிடி கொடுக்கவில்லை. அலுவலகம் விட்டு வந்து வெளிச்சம் இருக்கிற வரை செய்தான். விக்டோரியா நாள் வந்தது, தெருவில் வாணவேடிக்கை நடந்தது, அவன் அன்று நாற்பத்தோரு ஸ்க்ரூ கழற்றியிருந்தான். மூன்றாவது வாரம் அடிப்பலகையைத் தூக்கியபோது, பல இடங்களில் நெம்பக்கூட வேண்டியிருக்கவில்லை. மெல்லிய உளியை விட்டதுமே வந்துவிட்டது. 'ஆற்று நடுவில் இது வந்திருந்தால்' என்று மூன்று பேருமே நினைத்தார்கள்.

ஒருநாள் மாலை மட்டும் அவன் உளியை வைத்துவிட்டு மாடிக்கு வந்து, கை கழுவாமலேயே நாற்காலியில் உட்கார்ந்தான். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் உடைந்திருந்தது.

"விட்டுடலாம்னு தோணுதா?" என்று கேட்டாள் சாந்தா.

"இல்ல. பசி."

அவள் தட்டு வைத்தாள். சாப்பிட்டதும் மறுபடி கீழே போனான்.

ஜூன் கடைசியில் கொட்டகை எண்பது டிகிரிக்கு வெந்தபோது, புதுப் பசை கலந்து முதலிலிருந்து ஒட்டினான். இந்தத் தடவை ஒவ்வொரு முறையும் ஒரு துண்டுக்கட்டையையும் கூடவே ஒட்டி, மறுநாள் சுத்தியலால் அடித்துப் பார்த்தான். மரம் சிதறியது, ஒட்டு நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் அடுத்த ஒட்டுக்குப் போனான்.

ஜூலை இருபதாம் தேதி, பச்சைப் படகு ஸ்டேஷன் வேகனின் கூரையில் ஏறி ஹம்பர் கரைக்கு வந்தது. உமாபதி கரையில் உட்கார்ந்து காலிப்பரைக் கழற்றிச் சாந்தாவிடம் கொடுத்தான். படகு கவிழ்ந்தால் அந்த இரும்பு அவனைக் கீழே இழுத்துவிடும். மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கையூன்றி நகர்ந்து, படகுக்குள் இறங்கினான். அடிமூலையைத் தடவிப் பார்த்தான். உலர்ந்திருந்தது. ஜாபர் தள்ளிவிட்டார்.

நாலு தடவை துடுப்புப் போட்டான். படகு இடப்பக்கமாக வளைந்தது. திருத்தினான், மறுபடி வளைந்தது. கரையிலிருந்து இருபது அடி தூரத்தில் படகு வட்டம் போட்டது. ஒரு வாத்து பயப்படக்கூட இல்லாமல் விலகி வழிவிட்டது.

"பாய், சிரிக்காதீங்க!"

"நான் எங்கய்யா சிரிச்சேன்?" என்றார் ஜாபர், மறுபக்கம் திரும்பிக்கொண்டு.

சாந்தா கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் உங்க இடுப்பு திரும்புதுங்க. வலது காலால மட்டும் உதைக்கிறீங்க."

அது உண்மைதான். துடுப்புப் போடுகிறவன் கையால் இழுக்கிறான் என்று அவன் நினைத்திருந்தான். எதிரே இருக்கிற மிதிகட்டையில் பாதத்தை முட்டுக் கொடுத்து உதைத்தால்தான் இழுப்புக்கு வலு வருகிறது. வரைபடம் இரண்டு கால்கள் உள்ளவனுக்காகப் போட்டது. வாடகைக்காரன் சொன்னது சரியோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. அடுத்த கணம், இது ஒரு அளவுப் பிரச்சினை, அவ்வளவுதான் என்று தோன்றியது. அளவு அவன் தொழில்.

அன்று மாலை சமையலறையில் தரையில் உட்கார்ந்து, கையில் இரண்டு துடைப்பக்கட்டைகளைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்துப் பார்த்தான். சாந்தா சாக்கட்டியால் அவன் இடுப்பும் பாதமும் படுகிற இடங்களைத் தரையில் குறித்தாள். மறுவாரம் படகில் இரண்டு மாற்றங்கள் செய்தான். வலது காலுக்கான மிதிகட்டையைச் சரிநடுவுக்குக் கொண்டுவந்தான். ஒற்றைக் கால் நேராக உதைக்கட்டும் என்று. இருக்கையில் இடது இடுப்புக்குப் பின்னால் ஒரு கட்டையை அண்டக் கொடுத்தான், உடம்பு திரும்பாமலிருக்க. இரண்டுமே வரைபடத்தில் இல்லாதவை. தன் படத்தில் சிவப்பு மையால் சேர்த்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டான்.

அடுத்த சனிக்கிழமை படகு நேராகப் போயிற்று.

எப்படிப் போயிற்று! ஒரு இழுப்புக்கு ஒன்றரைப் படகு நீளம் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு ஓடியது. நிலத்தில் அவன் எங்கே போனாலும் மற்றவர்கள் நடையைக் குறைத்துக்கொண்டுதான் கூட வருவார்கள். இன்று ஜாபர் கரைப் பாதையில் வேகமாக நடந்து, பிறகு ஓடி, அப்படியும் பின்தங்கி, "நில்லுய்யா!" என்று கத்தினார். உமாபதி நிற்கவில்லை. கோரைப்புல் சதுப்புக்குள் ஒரு நாரை நின்றது. பெரிய கெண்டைமீன்கள் கலங்கலில் முதுகைக் காட்டிப் புரண்டன. மேலே பாலத்தில் சப்வே ரயில் கடந்தது. தினமும் காலையில் அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று போகிற அதே ரயில். ஜன்னலில் யாரோ தன்னைப் பார்ப்பது போலிருந்தது. துடுப்பை உயர்த்திக் காட்டினான்.

ஆகஸ்ட் முழுக்க அந்த ஆறு அவனுடையதாக இருந்தது. செப்டம்பரில் ஆறு போதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாந்தாவும் ஜாபரும் முகத்துவாரத்தில் கரையில் காத்திருக்க, பாலங்களுக்கு அடியில் புகுந்து ஒண்டாரியோ ஏரிக்கு வந்துவிட்டான். தண்ணீர் தகடு போலிருந்தது. கிழக்கே அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி வெளிப்பக்கமாக அரை மைல் போய்த் திரும்பும்போது, மேற்கிலிருந்து காற்று எழுந்தது.

பத்து நிமிடத்தில் ஏரியின் நிறமே மாறிவிட்டது. அலைகள் மூக்கில் அறைந்தன. அவன் இழுத்தான். சுவரில் ஒரு துருப்பிடித்த ஏணியைக் குறி வைத்துக்கொண்டு இருபது இழுப்பு இழுத்துப் பார்த்தால், ஏணி அதே இடத்தில் இருந்தது. நிறுத்தினால் பின்னால் போனது. கை உளையத் தொடங்கியது. முன்பக்கம் ஏறிய தண்ணீர் அவன் பாதத்தை நனைத்தது. குனிந்து அடிமூலையைப் பார்த்தான். தண்ணீர் மேலிருந்துதான் வந்திருந்தது. ஒட்டு அசையவில்லை. அது போதும் என்று நினைத்தான்.

ஒரு மோட்டார் படகு பக்கத்தில் வந்தது. வயதான ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும். "கயிறு வீசட்டுமா?" என்று கத்தினார்.

உமாபதி யோசித்தான். உதவியை வேண்டாமென்பதற்கு இது நேரமில்லை என்று அவனுக்குத் தெரியும். கையில் இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதும் தெரியும்.

"கயிறு வேண்டாம். கொஞ்சம் கூடவே வருவீர்களா? முடியாவிட்டால் நானே கேட்கிறேன்."

அவர் தலையசைத்து எஞ்சினைத் தணித்தார். உமாபதி நீளமாக இழுப்பதை விட்டுவிட்டு, குட்டையாக, அடிக்கடி இழுத்தான். அலை ஓய்கிற நேரத்தில் மட்டும் அழுத்தம், மற்ற நேரத்தில் பிடித்துவைப்பது. ஏணி மெல்ல அவனைக் கடந்து போனது. அடுத்து ஒரு விளக்குக் கம்பம். அதற்கப்புறம் சுவரின் முனை. அரை மைலுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. முகத்துவாரத்துக்குள் நுழைந்து காற்று அடங்கியபோது மோட்டார் படகுக்காரர் தொப்பியைக் கழற்றி ஒரு முறை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

கரையில் ஜாபர் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டிருந்தார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "போலீசுக்குப் போன் பண்றேன்னு சொன்னேன். இவங்கதான், 'அந்த மோட்டார் படகு கூடவே வருது பாருங்க, இருங்க'ன்னு பிடிச்சு வச்சாங்க" என்றார்.

உமாபதியால் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. சாந்தா படகுக்குள் குனிந்து, துடுப்பிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான்.

"நடுவுல இன்னொரு இருக்கை போட இடம் இருக்கா?" என்றாள்.

"எதுக்கு?"

"இனிமே ஏரிக்குப் போறதுன்னா தனியாப் போகக்கூடாது. நானும் துடுப்புப் போடறேன். ரெண்டு ஜோடி இருந்தா அரை மைலுக்கு இவ்வளவு நேரம் ஆகாது."

"உனக்கு நீச்சல்?"

"அந்த வகுப்புல அடுத்த வாரம் சேர்க்கறாங்க. விசாரிச்சுட்டேன்."

அந்தக் குளிர்காலம் முழுக்க, கண்ணாடிக்கு வெளியே கோட்டோடு உட்கார்ந்து நீளங்களை எண்ணியது உமாபதி. இரண்டாவது இருக்கையின் ஒட்டு மட்டும் மே மாதம் வரை காத்திருந்தது. கொட்டகை எழுபது டிகிரியைத் தொடுகிற வரை அவன் பசை டப்பாவைத் திறக்கவே இல்லை.

1975 ஜூன் முதல் ஞாயிறு, மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு பச்சைப் படகு ஆற்றில் இறங்கியது. துடுப்புப் போடுகிறவர்கள் படகின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும்; உமாபதி பின் இருக்கையில், சாந்தா அவனுக்கு முதுகுப் பக்கம் முன் இருக்கையில். பின்பலகையோரம் இவர்களைப் பார்த்தபடி ஜாபர், இரண்டு மிதவைச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, மடியில் டிபன் கேரியரோடு. ஆகஸ்டில் மனைவியும் மகள்களும் வருகிறார்கள் என்ற செய்தியை அன்றுதான் சொன்னார்.

"அவங்களையும் இதுல ஏத்திப் போகணும் உமாபதி. ஆனா மெதுவா."

"மெதுவாங்கறது இவர்கிட்ட நடக்காது அண்ணே" என்றாள் சாந்தா. அவள் துடுப்பு ஒருமுறை தண்ணீருக்குள் இறங்காமல் மேல்பரப்பை மட்டும் சீவி, ஜாபரின் கண்ணாடிவரை தண்ணீர் தெறித்தது.

"சேர்ந்து இழு சாந்தா. என் தோளைப் பார்த்துக்கிட்டே இழு" என்றான் உமாபதி.

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்கதான் அவசரப்படறீங்க."

அவன் வேகத்தைக் குறைத்தான். இரண்டு ஜோடித் துடுப்புகளும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் இறங்கின. படகு முகத்துவாரத்தை நோக்கி ஓடியது.